இல்லப் பதிப்பு வாழ்க!

கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு வருகிறவரின் கைக்கு ஒரு கணக்கு உண்டு. இலையில் உட்கார்ந்திருப்பவர் மாப்பிள்ளை வீடா, பெண் வீடா, சும்மா உள்ளே வந்து உட்கார்ந்தவரா என்று முகத்தைப் பார்த்தே கரண்டி சாயும். இந்தக் கலையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் என்று சமையல்காரர்களைச் சொல்ல மாட்டேன். அந்தப் பெருமை கம்ப்யூட்டருக்கு இயங்குதளம் எழுதுகிறவர்களுக்கே சேரும். சமையல்காரராவது தான் சமைத்ததைத்தான் அளந்து ஊற்றுகிறார். இவர்களோ, நாம் நம் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சோற்றை வாங்கி வைத்துக்கொண்டு, அதை நமக்கே அளந்து போடுகிறார்கள். அப்படிப்பட்டவர்களை வாயாரப் புகழாமல் இருப்பது நன்றிகெட்டதனம். அந்தப் பாவம் என்னைச் சேர வேண்டாம்.

2008 வாக்கில் நம் ஊர் நடுத்தர வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் தீபாவளி போனஸில் இரண்டு ஜிபி ரேம் இரண்டு வாங்கி வருகிறார். சென்னைக்காரர் என்றால் ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கி விலை பேசியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிபியுவைத் தரையில் படுக்கவைத்து, பக்கத் தகட்டைக் கழற்றி, உள்விசிறியில் அப்பியிருக்கும் தூசியை ஊதி, பழைய ரேமை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துக் கட்டைவிரலால் அழுத்துகிறார். உடைந்துவிடுமோ என்ற பயத்தோடு இன்னும் கொஞ்சம் அழுத்த, இரண்டு பக்கக் கொக்கிகளும் "டக்" என்று பிடித்துக்கொள்கின்றன. சுவிட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் கம்ப்யூட்டரே எண்ணிச் சொல்கிறது: 4096 எம்பி. மனசு நிறைகிறது. விண்டோஸ் எக்ஸ்பி எழுந்து வருகிறது. மை கம்ப்யூட்டர் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ். 3.25 ஜிபி.

முக்கால் ஜிபி எங்கே? முதல் சந்தேகம் கடைக்காரர் மேல். ரசீதைத் தேடி எடுக்கிறார். அடுத்த சந்தேகம் தன் கட்டைவிரல் மேல். மறுபடி எல்லாவற்றையும் கழற்றி மாட்டுகிறார். "பழசே நல்லாத்தானே ஓடிக்கிட்டிருந்துச்சு?" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வருகிறது. கடைக்காரர், கட்டைவிரல், கல்யாண வாழ்க்கை என்று இத்தனை பேர் மேல் பழி விழுந்த பிறகும், உண்மையில் அளந்து போட்டவர் திரை ஓரத்தில் ஒரு வார்த்தை பேசாமல் நிற்கிறார் பாருங்கள். நிறைகுடம் தளும்பாது.

கணக்கைக் கேட்டால் கோபம் தணியும். 32 பிட் கம்ப்யூட்டரில் மெமரியின் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு கதவு எண் உண்டு. அதில் 32 இலக்கங்கள். ஒவ்வொன்றும் பூஜ்யம் அல்லது ஒன்று. இப்படி எழுதக்கூடிய எண்கள் மொத்தம் 4,294,967,296. அதுதான் நாலு ஜிபி. அதற்கு மேல் வீடு கட்டலாம், கதவு எண் கிடைக்காது. இந்த நாலு ஜிபிக்குள்ளேயே கிராபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு, பயாஸ் சிப் எல்லாவற்றுக்கும் எண் வேண்டும். அவை தெருக்கோடியில் உள்ள எண்களைப் பிடித்துக்கொள்கின்றன. அங்கே குடியிருக்க வேண்டிய ரேம், எண் இல்லாத வீடாகிவிடுகிறது. வீடு இருக்கிறது, வரியும் கட்டியாயிற்று, தபால் மட்டும் வராது. இதுவரை யார் மேலும் குற்றமில்லை. கணக்கு அப்படி.

பாராட்டு இங்கேதான் தொடங்குகிறது. 1995-இல் இன்டெல் வெளியிட்ட பென்டியம் புரோ சிப்பிலேயே கதவு எண்ணை 36 இலக்கமாக நீட்டும் வசதி வந்துவிட்டது. பிஏஇ என்று பெயர். 64 ஜிபி வரை எண் போடலாம். தெருக்கோடியில் எண் பறிபோன ரேமை நாலு ஜிபிக்கு அப்பால் குடிவைக்கும் வித்தையும் பல மதர்போர்டுகளுக்குத் தெரியும். மைக்ரோசாஃப்டுக்கும் இதெல்லாம் தெரியும். அவர்களுடைய விண்டோஸ் சர்வர் 2003 எண்டர்பிரைஸ் பதிப்பு, அதே 32 பிட்டில், 32 ஜிபி வரை எண்ணியது. முதல் சர்வீஸ் பேக்குக்குப் பிறகு 64 வரை எண்ணியது. வீட்டுக்கு வந்த எக்ஸ்பி மட்டும் நாலோடு நின்றது. வழி தெரியாதவன் நிற்பதில் என்ன பெருமை? வழி தெரிந்தும் நிற்கிறவனைத்தான் புலனை அடக்கியவன் என்று சொல்ல வேண்டும்.

ஏன் நின்றாய் என்று கேட்டால் டிரைவரைக் கை காட்டினார்கள். கார் ஓட்டுகிறவர் இல்லை. கிராபிக்ஸ் கார்டுக்கும் சவுண்டு கார்டுக்கும் கூடவே வரும் டிரைவர் நிரல்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டும் மலிவான கார்டுகளின் டிரைவர்கள் பல, நாலு ஜிபிக்கு மேல் ஒரு தெரு இருக்கிறது என்பதே தெரியாமல் எழுதப்பட்டவை. அங்கே அனுப்பினால் முட்டிக்கொண்டு விழும். கம்ப்யூட்டரும் சேர்ந்து விழும். அதனால் 2004-இல் வந்த எக்ஸ்பி இரண்டாம் சர்வீஸ் பேக்கில், நாலு ஜிபிக்கு மேற்பட்ட முகவரி எதையும் தொடுவதில்லை என்று முடிவு கட்டினார்கள். மைக்ரோசாஃப்டின் மார்க் ருசினோவிச் 2008-இல் இதை விளக்கமாக எழுதவும் செய்தார். சொன்னதில் பொய் இல்லை. சில டிரைவர்கள் நிஜமாகவே மோசம். நாலு டிரைவர் தாறுமாறாக ஓட்டுகிறார்கள் என்பதற்காக ஊருக்கே மேம்பாலத்தை மூடிவைத்த அக்கறையை எந்த நகராட்சியில் பார்க்க முடியும்? சர்வர் வாங்கியவர்களுக்கு மட்டும் பாலம் திறந்தே இருந்தது. அவர்கள் வீட்டு டிரைவர்கள் நிதானமானவர்கள் போலிருக்கிறது.

பிறகு விண்டோஸ் விஸ்டா வந்தது. அதன் 32 பிட் பதிப்பை அக்கக்காகப் பிரித்து ஆராய்ந்த ஜெஃப் சாப்பல் என்பவர் ஒன்றைக் கண்டு எழுதினார். இயங்குதளத்தின் உட்கரு, எவ்வளவு மெமரியைத் தொடலாம் என்று உரிமப் பட்டியலைக் கேட்கிறது. பட்டியல் சொன்னதற்கு மேல் இருப்பதை ஒதுக்கிவிடுகிறது. அந்த ஒரு கேள்வியைத் தாண்டவைத்தால், அதே விஸ்டா, அதே 32 பிட்டில், நாலுக்கு மேலும் எண்ணியது. உங்களுக்குச் சர்க்கரை, இனிப்பைத் தொடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். நாமும் பயபக்தியோடு லட்டைத் தள்ளிவைத்தோம். ஒருநாள் மருந்துச்சீட்டைத் திருப்பிப் பார்த்தால் அதில் நோயின் பெயரோடு நாம் கட்டிய ஃபீஸும் எழுதியிருக்கிறது. சிகிச்சை எதைப் பார்த்துக் கொடுக்கப்பட்டது என்று கேட்பது மரியாதை ஆகாது.

இது எக்ஸ்பியோடு பிறந்த குணம் என்று நினைத்தால் குலத்தைக் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வந்தபோது அதன் இன்டெல் 8088 சிப்புக்கு எட்டியது ஒரு மெகாபைட். மேலே 384 கிலோபைட்டைத் திரைக்கும் ரோம் சிப்புகளுக்கும் ஐபிஎம் ஒதுக்கியது. மிச்சம் 640 கிலோபைட். மைக்ரோசாஃப்டின் டாஸ் அந்தக் கோட்டுக்குள்ளேயே பத்து வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியது. 640 யாருக்கும் போதும் என்று பில் கேட்ஸ் சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. அப்படிச் சொல்லவே இல்லை என்று அவர் மறுத்துவிட்டார். நம்புவோம். பரிமாறுகிறவர் வாயைத் திறந்து "போதும்" என்று சொல்லும் வழக்கம் எந்தப் பந்தியிலும் இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்துவிடுவார்.

அந்த 640 கிலோபைட் ஒரு தலைமுறைக்கே சிக்கனம் கற்றுக்கொடுத்தது. நாலு மெகாபைட் ரேம் போட்ட கம்ப்யூட்டரில், மெமரி போதவில்லை என்று விளையாட்டு திறக்க மறுக்கும். விளையாட வந்த பையன் கான்ஃபிக்.சிஸ் கோப்பைத் திறந்து, மவுஸ் டிரைவரை மேலே ஏற்றி, சிடி டிரைவரை ஓரம் தள்ளி, பத்துக்குப் பத்து அறையில் கட்டில், பீரோ, தையல் மெஷின் மூன்றையும் மாற்றி மாற்றி நகர்த்துகிற அம்மாவைப் போல, 12 கிலோபைட் மிச்சம் பிடிப்பான். விளையாட்டுக்கு ஒன்றாகத் தனித்தனி பூட் பிளாப்பி வைத்திருந்தவர்கள் உண்டு. இந்தச் சிரமத்தைப் பார்த்து மனமிரங்கிய நிறுவனம் 1993-இல் டாஸ் 6-ஓடு மெம்மேக்கர் என்ற நிரலைக் கொடுத்தது. சுவரை இடிக்கவில்லை, பீரோவை நகர்த்த ஆள் அனுப்பியது. சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்ற பழமொழியைச் சிப்பில் எழுதியவர்கள் இவர்கள்.

விண்டோஸ் 98-இன் அடக்கம் இன்னும் ஒரு படி மேல். 512 மெகாபைட்டுக்கு மேல் ரேம் போட்டால் அது திணறும். கோப்புகளை இடைச்சேமிப்பில் வைத்திருக்கும் அதன் விகேஷ் என்ற பகுதி, ரேம் அதிகமாக இருப்பதைப் பார்த்து முகவரிகளை எல்லாம் தானே சுருட்டிக்கொள்ளும்; மற்றவர்களுக்கு இடமில்லாமல் போகும். அப்போது திரையில் வரும் செய்தி என்ன தெரியுமா? மெமரி போதவில்லை. அஜீரணத்தில் உருண்டுகொண்டிருப்பவன் "பசிக்குது, பசிக்குது" என்று கத்துகிற காட்சியை வேறு எந்த நாடகத்தில் காண முடியும்? நிறுவனம் சொன்ன பரிகாரங்களில் ஒன்று, ரேமைக் கொஞ்சம் கழற்றிவிடுங்கள் என்பது. லங்கணம் பரம ஔஷதம்.

மறுபடி நம் வீட்டுக்காரரிடம் வருவோம். நாலு ஜிபி போட்டேன், குறைவாகக் காட்டுகிறதே என்று உலகமெங்கும் புகார் எழுந்தது. நிறுவனம் செவி சாய்த்தது. 2008-இல் வந்த விஸ்டா முதல் சர்வீஸ் பேக்கில் அதைச் சரிசெய்தார்கள். அன்றிலிருந்து பிராப்பர்ட்டீஸ் பக்கத்தில் 4 ஜிபி என்றே காட்டியது. 32 பிட் விஸ்டா பயன்படுத்திய அளவு மட்டும் பழைய அளவுதான்; பயன்படுத்துகிற மெமரிக்குப் பதிலாக, மாட்டியிருக்கிற மெமரியைக் காட்டும்படி எழுத்தை மாற்றியிருந்தார்கள். பிள்ளை இளைத்துப்போகிறான் என்று முறையிட்ட தாய்க்கு, எடை மெஷினைச் சரிசெய்து கொடுத்த வைத்தியர்! விண்டோஸ் 7-இல் மனசாட்சி கொஞ்சம் உறுத்தியதோ என்னவோ, 4 ஜிபி என்று எழுதிப் பக்கத்தில், இதில் பயன்படுவது இவ்வளவு என்று அடைப்புக்குறிக்குள் போட்டார்கள். அடைப்புக்குறிக்குள் போட்டால் அது குறையாகாது, விவரம் ஆகிவிடும்.

அந்தப் பயன்படாத முக்கால் ஜிபியை இன்று எடுத்துப் பார்த்தாலும் ஒரு தேய்மானம் இருக்காது. தொண்டைமானின் ஆயுதசாலையில் மயிற்பீலி சூடி, நெய் பூசிப் பளபளத்த வேல்களைப் பார்த்து ஔவை வியந்தாளே, அந்த வியப்புக்கு இந்த ரேமும் முழுத் தகுதி உடையது.

64 பிட் வந்த பிறகு கதவு எண் பஞ்சம் அடியோடு ஒழிந்தது. 2003-இலேயே ஏஎம்டியின் 64 பிட் சிப்புகள் கடைக்கு வந்துவிட்டன. எண் போட இடம் கணக்கில்லாமல் கிடந்தது. டிரைவர்கள் எல்லாம் புதிதாக எழுதப்பட்டவை. பழைய காரணம் ஒன்றும் மிச்சமில்லை. சாதாரண மனிதர்கள் என்றால் இந்த இடத்தில் வாளியை இறக்கி வைத்திருப்பார்கள். இவர்கள் காரணம் தீர்ந்துபோயும் கடமையை விடவில்லை.

64 பிட் விஸ்டாவில் ஹோம் பேசிக் பதிப்புக்கு 8 ஜிபி, ஹோம் பிரீமியத்துக்கு 16, அலுவலகப் பதிப்புகளுக்கு 128. விண்டோஸ் 7-இல் ஹோம் பேசிக்குக்கு 8, ஹோம் பிரீமியத்துக்கு 16, புரொஃபஷனலுக்கு 192. பழைய டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், சேர் டிக்கெட் என்று இருந்ததே, அதே வரிசை. ஒரு வித்தியாசம், அங்கே சேர் தியேட்டர்காரருடையது. இங்கே ரேம் செய்தது சாம்சங்கோ ஹைனிக்ஸோ மைக்ரானோ, காசு நம்முடையது, உட்காரும் உரிமை மட்டும் அவர்களுடையது. ஹோம் எடிஷன் என்பதைத் தமிழில் இல்லப் பதிப்பு என்று சொல்லலாம். இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு கிடைக்காது. 17-ஆவது ஜிபி வேண்டுமா? இல்ல.

கல் நெஞ்சக்காரர்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். விண்டோஸ் 7-இல் எனிடைம் அப்கிரேட் என்ற ஏற்பாடு இருந்தது. பணம் கட்டி, அவர்கள் தரும் 25 எழுத்துச் சாவியை அடித்தால், கொஞ்ச நேரத்தில் ஹோம் பிரீமியம் புரொஃபஷனல் ஆகிவிடும். புது சிடி வேண்டாம். தேவையான கோப்புகள் ஏற்கெனவே நம் ஹார்ட் டிஸ்க்கில் தூங்கிக்கொண்டிருந்தன. ஒரு ஸ்குரூவைக் கழற்ற வேண்டாம். 16 ஜிபியோடு களைத்து நின்ற கம்ப்யூட்டருக்கு 192 வரை சுமக்கும் வலு வந்துவிடும். பூட்டும் நம் வீட்டில், அறையும் நம் வீட்டில். சாவிக்கு மட்டும் மைக்ரோசாஃப்டின் ரெட்மண்டுக்கு மணியார்டர்.

நம் போன்ற நாடுகள் மேல் அவர்களுக்கு இருந்த தனிக் கரிசனத்தைச் சொல்லாவிட்டால் இந்தப் புகழுரை நிறைவடையாது. முதல்முதலாகக் கம்ப்யூட்டர் வாங்கும் ஏழை நாட்டு மக்களுக்கென்று எக்ஸ்பி ஸ்டார்ட்டர் பதிப்பு செய்தார்கள். தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியாவில் தொடங்கி, 2005-இல் இந்தியாவுக்கு இந்தியில் வந்தது. ஒரே நேரத்தில் மூன்று நிரல்களுக்கு மேல் திறக்காது. 512 மெகாபைட்டுக்கு மேல் ரேமைத் தொடாது. கடிதம் எழுதிக்கொண்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டு, கணக்கும் பார்த்துக்கொண்டிருப்பவன் நாலாவதாக ஒன்றைத் திறக்க நினைப்பது பேராசை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டருக்கும் இந்த மூன்று நிரல் விரதத்தை வைக்க நினைத்து, 2009-இல் மனமிரங்கிக் கைவிட்டார்கள். பதிலுக்கு, திரையின் பின்னணிப் படத்தை மாற்றக் கூடாது என்பதோடு விட்டுவிட்டார்கள். விண்டோஸ் 7 ஹோம் பேசிக் இந்தியா, சீனா, பிரேசில் போன்ற நாடுகளுக்கென்றே விற்கப்பட்டது. அமெரிக்கக் கடைகளில் கிடைக்காது. எட்டு ஜிபியோடு நிறுத்திக்கொள்ளும் மனப்பக்குவம் எந்த மண்ணில் விளையும் என்று அவர்களுக்குத் தெரியாதா!

இந்த லினக்ஸ்காரர்களைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. 2001-இல் வந்த அவர்களுடைய 2.4 கெர்னல், பிஏஇ உள்ள 32 பிட் சிப்பில் 64 ஜிபி வரை எண்ணத் தெரிந்தது. ஹோம், புரோ, எண்டர்பிரைஸ் என்று தரம் பார்க்கத் தெரியவில்லை. ராஜா வீட்டு சர்வருக்கும் பள்ளிக்கூடப் பையனின் பழைய பெட்டிக்கும் ஒரே கணக்கு. எவ்வளவு போட்டிருக்கிறாயோ அவ்வளவையும் எடுத்துக்கொள் என்று வாளியை இலைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். மரியாதை தெரியாதவர்கள். காசும் வாங்குவதில்லை, பிறகு எப்படி மரியாதை தெரியும்?

காலம் மாறிவிட்டது, பழைய கதையை ஏன் கிளறுகிறாய் என்று கேட்பீர்கள். நியாயம். 32 பிட் விண்டோஸ் 10-இலும் அதே நாலு ஜிபி எல்லை இருந்தது. 2025 அக்டோபரில் ஆதரவு முடியும் வரை யாரும் அதில் கை வைக்கவில்லை. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. அதை நிறுவ வேண்டுமானால் குறைந்தபட்சம் நாலு ஜிபி வேண்டும் என்பது விதி. நேற்று வரை இதற்கு மேல் தொடாதே என்று கூரையில் எழுதியிருந்த எண்ணை, இன்று இதற்குக் கீழே வராதே என்று தரையில் எழுதிவிட்டார்கள். எண் அதே நாலு. அன்று அதிகம் வைத்திருந்தவன் தப்பு செய்தான். இன்று குறைவாக வைத்திருப்பவன் தப்பு செய்கிறான். அவர்கள் இரண்டு முறையும் சரியாகவே இருந்தார்கள்.

விண்டோஸ் 11 ஹோம் பதிப்பின் எல்லை 128 ஜிபி. புரோ பதிப்பில் 2 டெராபைட். வீட்டில் யாருக்கு ஐயா 128 ஜிபி வேண்டும் என்று சிரிக்கலாம். 1981-இல் 16 கிலோபைட்டோடு விற்ற ஐபிஎம் பிசி முன்னால் உட்கார்ந்திருந்தவரும் 640-ஐப் பார்த்து இப்படித்தான் சிரித்திருப்பார். வீட்டு மேஜைக்கு வரும் மதர்போர்டுகளிலேயே இப்போது நாலு ஸ்லாட்டிலும் 48 ஜிபி ரேம் போடலாம், மொத்தம் 192. வீடியோ வெட்டி ஒட்டுகிறவர்களும், செயற்கை நுண்ணறிவு மாடல்களைச் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்கிற பிள்ளைகளும் அதைப் போடத்தான் செய்கிறார்கள். அன்று முக்கால் ஜிபி எங்கே என்று தேடியவரின் மகள் இன்று ஹோம் பதிப்பை வைத்துக்கொண்டு 192 போட்டால், 64 ஜிபி எங்கே என்று தேடுவாள். ஒரே தலைமுறையில் காணாமல் போகும் அளவே 80 மடங்குக்கு மேல் வளர்ந்திருக்கிறது. வளர்ச்சி என்றால் இதுவல்லவா வளர்ச்சி!

ஆகவே வாசகரே, அடுத்த முறை ரேம் வாங்கக் கிளம்பும் முன், விலை விசாரிப்பதற்கும் முன், செட்டிங்ஸில் போய் உங்கள் வீட்டில் ஓடுவது எந்தப் பதிப்பு என்று பார்த்துவிட்டுப் போங்கள். கடைக்காரரோடு சண்டை மிச்சமாகும். ஹோமிலிருந்து புரோவுக்குப் போக இன்றைக்கும் ஒரு ஸ்குரூவைக் கழற்ற வேண்டாம். 25 எழுத்துச் சாவியை அடித்து ரீஸ்டார்ட் செய்தால் போதும். மெமரியை நடுவில் தடுத்து நின்ற சுவரின் கனம் அவ்வளவுதான்: 25 எழுத்து.